குதங்களும் மாகாணமும்: 1987இன் இரண்டு காகிதங்கள்

இந்தியாவும் இலங்கையும் தமக்கிடையே செய்துகொள்ளும் பொருளாதார உடன்பாடுகள் பற்றி எம்மவர் எழுதுவனவற்றை ஒருசேர வைத்து வாசிப்பவருக்கு ஒரு விடயம் கண்ணிற் படாமற் போகாது. எழுதுபவர் இந்தியாவை ஆதரிப்பவராயின், திருகோணமலையில் டில்லி காலூன்றுவது ஈழத்தமிழருக்கு ஒரு காப்பு என்பார். எதிர்ப்பவராயின், பிராந்திய வல்லரசின் மூலதனம் எமது மண்ணை விழுங்குகின்றது என்பார். இரு சாராருக்கும் உடன்பாட்டின் வாசகங்களைப் படிக்கும் பொறுமை இல்லை. காணி எவருடையது, பங்கு எத்தனை வீதம், குத்தகை எத்தனை வருடம், ஒரு அலகு மின்சாரம் என்ன விலை என்பவையெல்லாம் கணக்கப்பிள்ளைகளின் கேள்விகளாகத் தள்ளிவைக்கப்படுகின்றன. எமது அரசியல் அந்தக் கணக்கப்பிள்ளைக் கேள்விகளுக்குள்ளேதான் கிடக்கின்றது என்பது எனது வாதம்.

திருகோணமலை சீனன்குடா எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காகக் கட்டப்பட்டவை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு குதம் எரிந்தழிந்தது. இன்று எஞ்சி நிற்பவை 99. எல்லாமாகச் சேர்த்தால் ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் எண்ணெய் கொள்ளும். காடு மூடிக் கிடந்த இந்த இரும்புக் கொப்பரைகள் 1987 யூலை 29ஆந் திகதி எமது தலைவிதியோடு முடிச்சுப் போடப்பட்டன. அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தில் வடக்குக் கிழக்கு இணைப்பும் மாகாண சபையும் ஆயுதக் களைவும் இருந்தன. அதனோடு இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வேறு விடயங்கள் இருந்தன. இலங்கையிலுள்ள வெளிநாட்டு இராணுவ, புலனாய்வு ஆட்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடப்படாமை. அந்நிய வானொலி நிலையங்கள் பற்றிய மீளாய்வு. அத்தோடு, எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலையை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் செய்தல்.

ஆக, ஒரே நாளிற் பிறந்த இரண்டு காகிதங்கள். ஒன்று எமது பெயரில் எழுதப்பட்டது. மற்றதில் நாம் இல்லை. இவற்றின் பின்னைய வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் எம்மிடையே அதிகமில்லை.

கடிதத்தின் குதங்கள் மெதுவாகவேனும் நகர்ந்தன. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு அவை 35 வருடக் குத்தகை என்ற ஏற்பாட்டில், ஆண்டுக்கு ஒரு இலட்சம் டொலர் என்ற கணக்கிற் போயின. கம்பனி கீழ்த் தொகுதியில் ஒரு பகுதியை மட்டும் பாவித்தது. 2022 யனவரி 6ஆந் திகதி புதிய ஏற்பாடு வந்தது: 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிகுதி 61உம் கூட்டுக் கம்பனி ஒன்றுக்கு. கூட்டுக் கம்பனியில் இலங்கைக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49. காலம் 50 வருடம். 2025 ஏப்ரல் 5ஆந் திகதி மோடி கொழும்பில் நின்றபோது மூன்றாவதாக ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து, திருகோணமலையை ஒரு சக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது.

ஒப்பந்தத்தின் மாகாணம் எதிர்த் திசையிற் போயிற்று. 1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அது இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடக்குக் கிழக்கு இணைப்பைச் செல்லாதென்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்ரெம்பரிலும் வடக்கினது 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன்பின் ஆளுநர்களின் ஆட்சி.

2022 யனவரியில் நிகழ்ந்த ஒன்றை இங்கு சொல்லாமல் விட முடியாது. 6ஆந் திகதி குத உடன்பாடு. 18ஆந் திகதி திருகோணமலையின் பாராளுமன்ற உறுப்பினரான சம்பந்தன் தலைமையில் தமிழ்க் கட்சிகள், 13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோரி மோடிக்கு எழுதிய கடிதத்தை இந்தியத் தூதுவரிடம் கொடுத்தன. பேரம் முடிந்து பன்னிரண்டு நாட் கழித்து ஒரு விண்ணப்பம். டில்லியிடம் கையில் இருந்த துரும்பு அந்த மாதமே இறக்கப்பட்டு விட்டது. அது இறக்கப்பட்ட மேசையில் எமக்குக் கதிரை இருக்கவில்லை என்பது ஒருபுறம். கதிரை கேட்டு நாம் போகவுமில்லை என்பது மறுபுறம்.

2023 யூலை 21ஆந் திகதி ரணில் விக்கிரமசிங்க டில்லி சென்றபோது வெளியான 'பொருளாதாரப் பங்காண்மைத் தொலைநோக்கு' ஆவணத்தை ஒரு இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம். அதன் மூலச் சொல் 'இணைப்பு'. கடல் இணைப்பு, வான் இணைப்பு, மின்சார, எரிசக்தி இணைப்பு, வர்த்தக, நிதி இணைப்பு, மக்களுக்கிடையிலான இணைப்பு. கொழும்பு, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்கள். சம்பூர் சூரியமின் நிலையம். இரு நாட்டு மின்வலைகளையும் பிணைக்கும் உயர்வலுக் கம்பி. தென்னிந்தியாவிலிருந்து பெற்றோலியக் குழாய். தரைவழிப் பாலத்துக்கான சாத்திய ஆய்வு. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். இப்பெயர்களிற் பெரும்பாலானவை வடக்கிலும் கிழக்கிலும் விழுகின்றன. ஆனால் மாகாணம் என்பது அந்த ஆவணத்தில் ஒரு தரப்பாக வரவில்லை. தமிழரின் அபிலாசைகள் பற்றியும் 13ஆவது திருத்தம் பற்றியும் மோடி அன்று பத்திரிகையாளர் முன் சொன்னார். சொன்னது வாய்ச்சொல்லாக நின்றது, எழுதியது ஆவணமாகப் போனது. 1987இல் கடிதமாவது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக இருந்தது. இன்று பின்னிணைப்பே ஒப்பந்தமாகி, ஒப்பந்தம் பத்திரிகைக் குறிப்பாகி விட்டது. 2024 டிசெம்பரில் அநுர குமார திசாநாயக்க டில்லி சென்றபோதும் இதே இலட்சணம்தான். (இந்திய விஸ்தரிப்புவாதத்தைத் தன் உறுப்பினருக்கு வகுப்பெடுத்துப் போதித்த, 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து இரத்தம் சிந்திய ஒரு கட்சியின் தலைவர் இந்த மேசையில் உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அரசு என்பது கட்சிகளின் கொள்கை விளக்கத்தை விட நீண்ட ஆயுள் கொண்டது.)

சம்பூரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். 2006 ஏப்ரலில் கொழும்பில் இராணுவத் தளபதி மீதான தற்கொலைத் தாக்குதலையடுத்து சம்பூர் மீது குண்டு வீசப்பட்டது. மக்கள் ஓடினார்கள். செப்ரெம்பர் 4ஆந் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அதே வருடம் டிசெம்பர் இறுதியில், அந்த மக்கள் அகதிகளாக அலைந்துகொண்டிருக்கையில், திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கான உடன்பாட்டில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் கையெழுத்திட்டன. 2007 மேயில் மூதூர் கிழக்கு உயர்பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தது. 2011இல் கூட்டுக் கம்பனி. ஏறத்தாழ 500 ஏக்கர் அனல்மின் நிலையத்துக்கு; அதைவிடப் பெரிய ஒரு துண்டு கைத்தொழில் வலயத்துக்கு; இன்னொன்று கடற்படைக்கு. சொந்தக்காரர் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில். கைத்தொழில் வலயக் காணியும் கடற்படைக் காணியும் திரும்பி வரத் தொடங்குவதற்கு 2015 ஆட்சி மாற்றம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

யுத்தத்தில் காணி பறிபோவது வேறு. பறிபோன காணி சமாதான காலத்து 'அபிவிருத்தி'யின் முதலீடாக மாறுவது வேறு. இங்கு இரண்டும் ஒரே கையால் நடந்தன. வெற்றி கொண்ட அரசு நிலத்தைக் கொடுத்தது, அயல் அரசு யந்திரத்தைக் கொடுக்க முன்வந்தது. அந்நிலத்தில் அடுப்பெரித்தவன் எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடவில்லை.

நிலக்கரி நிலையம் கடைசியில் எழும்பவில்லை. சூழல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தில் வழக்காடியது. 2016 செப்ரெம்பரில் அரசு தான் அதைக் கைவிடுவதாக மன்றுக்கு அறிவித்தது. கரி போயிற்று, கம்பனி போகவில்லை. அதே கூட்டுக் கம்பனி அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துடன் வந்தது. 2025 ஏப்ரலில் அடிக்கல். சூரியன் கரியை விடச் சுத்தமானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் புகை இல்லாததால் உறுதிப்பத்திரத்தில் உள்ள கேள்வி மறைந்துபோவதில்லை. திருகோணமலை நகர்ப்புறத்தில் முத்துநகரில் துறைமுக அதிகார சபைக் காணியில் பயிர் செய்து வந்தவர்கள், சூரியமின் திட்டங்களுக்காகத் தாம் வெளியேற்றப்படுவதை எதிர்த்து 2025இல் வீதிக்கு வந்தார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். சம்பூரைத் தமிழரின் துயரமாகவும் முத்துநகரை வேறு யாருடையதோ துயரமாகவும் எழுதுகிறவர்களுக்குத் திருகோணமலை விளங்கவில்லை என்றே சொல்வேன்.

இவ்வளவும் சொன்னபின் இந்தியாவின் கை பட்டதெல்லாம் கெட்டது என்ற முடிவுக்கு வருவது சுலபம். அது உண்மையுமல்ல. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்குக் கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு. முதல் ஆயிரம் நீங்கலாக வடகிழக்கின் மிகுதி, 'பயனாளி தானே கட்டுதல்' என்ற முறையிற் கட்டப்பட்டது. ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாக, நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு. மேசனை அவர்களே பிடித்தார்கள், கல்லை அவர்களே அரிந்தார்கள். காசு போதாமல் நகையை அடைவு வைத்தவர்கள் உண்டு. கடனில் விழுந்த பெண் தலைமைக் குடும்பங்கள் உண்டு. இருந்தும் வன்னியில் யுத்தத்தின் பின் எழுந்தவற்றில், இது என் வீடு என்று ஆட்கள் சொல்லக்கூடியதாக எழுந்தவை அவை. வீதிக்கும் புகையிரதத்துக்கும் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கு மக்களுக்குக் கிடைத்தது. ஒப்பந்தத்தின் ஒரு முனையில் அவர்களுடைய கையெழுத்து இருந்தது.

இதற்கு எதிர்மறையான பாடமும் உண்டு. 2015–16இல் கொழும்பு அரசு வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவரப் பார்த்தது. ஆர்செலர்மித்தல் என்ற பெருங் கம்பனி. வீடொன்று இருபது இலட்சம் ரூபாவுக்கு மேல். அப்போது எம்மிடையே ஒரு அபூர்வமான காரியம் நடந்தது. தமிழ் அரசியல்வாதிகளும் கட்டடக் கலைஞர்களும் பொருளியலாளரும் சேர்ந்து, இந்த வெப்பத்தில் உருக்குச் சுவர் என்னவாகும், அத்திவாரம் எங்கே, சீமெந்துக் கல் வீடு இதைவிட எவ்வளவு மலிவு, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் எத்தனை நாள் வேலை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 'இன அழிப்பின் நீட்சி' என்று ஒரு அறிக்கையோடு நின்றிருந்தால் அந்த உருக்குப் பெட்டிகள் இன்று முல்லைத்தீவில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

13ஆவது திருத்தத்தில் எவரும் வாசிக்காத ஒரு மூலைக்கு இப்போது வருகிறேன். எம்மவருக்கு 13 என்றால் பொலிஸ், காணி என்ற இரண்டு சொற்கள்தான். மாகாண சபை நிரலில் மின்சாரமும் இருக்கின்றது. மாகாணத்துள் மின்சக்தி உற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் விருத்தி செய்வதும் பேணுவதும் முகாமை செய்வதும் மாகாணத்துக்கு உரியது; நீர்மின்சாரமும் தேசிய மின்வலைக்கு ஊட்டப்படும் மின்சாரமும் மட்டும் விலக்கு. சம்பூரும் மன்னாரும் இந்த விலக்குக்குள் வந்து விடும். நெடுந்தீவு? நயினாதீவு? அனலைதீவு? இந்த மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே, டீசல் யந்திரத்தில் வாழ்ந்த தீவுகள். 2021இல் அவற்றுக்குச் சூரிய, காற்றுக் கலப்பு மின்திட்டத்தை ஒரு சீனக் கம்பனிக்குக் கொழும்பு கொடுத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு அருகில் சீனரா என்று டில்லி எதிர்த்தது. சீனர் விலகினர். 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதே திட்டம் என்று புதிய உடன்படிக்கை. உலகப் பத்திரிகைகள் இதை வல்லரசுப் போட்டியின் உதாரணமாக எழுதின. எம்மவரும் அப்படியே எழுதினர். மூன்று தீவுகளுக்கு விளக்கெரிப்பது சட்டப்படி யாருடைய அதிகாரம் என்ற கேள்வி எழுப்பப்பட்டிருந்தால் விடை வட மாகாண சபை என்று வந்திருக்கும். சபை இருக்கவில்லை. சீனனா இந்தியனா என்ற சண்டையின் சத்தத்தில் அது இல்லாதது எவருக்கும் உறைக்கவும் இல்லை.

காணி விடயத்திலும் அப்படித்தான். மத்திய அரசு தன் துறையொன்றுக்காக மாகாணத்திலுள்ள அரச காணியைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த மாகாண சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதே திருத்தத்தின் பின்னிணைப்பு சொல்கின்றது. 50 வருடத்துக்குக் குதங்கள் போனபோது கலந்தாலோசிக்கக் கிழக்கில் சபை எங்கே? இது பெரிய அதிகாரமல்ல என்பது தெரியும். சபை இருந்த காலத்தில் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்பதும் நியாயமே; தீர்மானங்களுக்கு வட மாகாண சபையில் பஞ்சம் இருக்கவில்லை, நியதிச் சட்டங்களுக்கு இருந்தது. ஆயினும் கையில் இருக்கும் சிறிய ஆயுதத்தைத் தேடியெடுத்துப் பாவிக்காமல் பெரிய ஆயுதம் வரும் என்று காத்திருப்பதை அரசியல் என்று சொல்ல மாட்டேன்.

மன்னார் இந்தக் கதையின் கடைசிப் பக்கம். அதானி கம்பனி 2022இல் மன்னாருக்கும் பூநகரிக்கும் காற்றாலைகளுடன் வந்தது: 484 மெகாவாட், 442 மில்லியன் டொலர். 2024 மேயில் ஒரு அலகு 8.26 அமெரிக்கச் சதம் என்று இருபது வருடத்துக்கு விலை அங்கீகரிக்கப்பட்டது. பறவைகளின் வழித்தடம் பற்றியும் கேள்விப்பத்திரம் இல்லாமற் கொடுத்தது பற்றியும் கொழும்பிலுள்ள சூழல் அமைப்புகள் வழக்கிட்டன. புதிய அரசு விலையைக் குறைக்கப் பேசியது. 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. கொழும்புக் கம்பனி ஒன்று மன்னாரிலே 50 மெகாவாட்டுக்கு 4.65 சதம் கேட்டுக் கேள்விப்பத்திரத்தில் வென்றது. இரண்டும் அளவிலும் கடப்பாட்டிலும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும்; என்றாலும் இடைவெளி சிறியதல்ல. இந்தக் கணக்கைப் பேசியவர்கள் தெற்கின் பொருளியலாளரும் சூழலியலாளரும். நாம் அப்போதும் டில்லியின் மனம் கோணுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நடந்தது இன்னும் முக்கியமானது. அதானி போன பின் மன்னார் மக்கள் அமைதியாகி விடவில்லை. 2025 ஓகஸ்டில் அவர்கள் மறியலுக்கு வந்தபோது எதிரில் நின்றது கொழும்பு மூலதனம். கூடவே இல்மனைற் மணல் அகழ்வு. வெள்ள நீர் வடியும் வழிகள் அடைபடுகின்றன, காணி போகின்றது, கரைவலை இழுப்பவர்களுக்குக் கரை சுருங்குகின்றது என்பவை அவர்களின் முறைப்பாடுகள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தினார். செப்ரெம்பர் இறுதியில் காற்றாலைப் பாகங்களுடன் வந்த வாகனங்களை மறித்தவர்களைப் பொலிசார் தாக்கினர். முதலாளி மாறினார், குற்றச்சாட்டு மாறவில்லை. இந்தியாவா சீனாவா என்ற எமது பழைய கேள்வி இங்கு எதற்குமே உதவாது. அத்தீவில் 1990இல் புலிகளால் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம்களும் கத்தோலிக்க மீனவரும் சைவரும் ஒரே பந்தலில் இருந்தார்கள் என்பது, எமது எந்த அறிக்கையும் இதுவரை சாதிக்காத ஒன்று.

2022இல் இந்தியா ஏறத்தாழ நான்கு பில்லியன் டொலர் கொடுத்திராவிட்டால் யாழ்ப்பாணத்து ஓட்டோவும் ஓடியிராது என்று நண்பர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள். உண்மை. 2025 நவம்பர் டித்வா புயலின் பின்னும் டிசெம்பரில் 450 மில்லியன் டொலர் அறிவிக்கப்பட்டது: 350 சலுகைக் கடன், 100 நன்கொடை. மலையகத்து லயங்கள் மண்ணோடு போயிருக்கின்றன. வீட்டுத் திட்டத்தின் முறையில் இக்காசு தோட்டத் தொழிலாளியின் கணக்குக்குப் போகுமா, அவரது பெயரில் காணி எழுதப்படுமா, அல்லது பாலமும் தெருவுமாக முடியுமா என்பது இந்த நிமிடத்தில் கேட்கப்பட வேண்டியது. ஒதுக்கீடு முடிந்த பின் கேட்டால் அது ஆய்வுக் கட்டுரையாகும்.

மின்வலை இணைப்புக்கான உடன்படிக்கையும் 2025 ஏப்ரலிலேயே கைச்சாத்தாகி விட்டது. பாக்குநீரிணையைக் கடந்து வரும் கம்பி எங்கோ ஒரு கரையில் ஏறியாக வேண்டும். இந்திய இழுவைமடிப் படகுகளால் ஏற்கெனவே வலை இழந்த கரைகள் அவை. கம்பி ஏறும் இடத்தில் எத்தனை பாடுகள் உள்ளன, எந்த மாதங்களில் யார் தொழிலுக்குப் போகிறார்கள், புதைக்கும் காலத்தில் எத்தனை நாள் கடல் மூடப்படும், அந்த நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது, கம்பியால் ஓடும் ஒவ்வொரு அலகிலும் அந்தப் பிரதேச சபைக்கு ஒரு சதமாவது உண்டா என்று ஒரு குறிப்பேடு எம்மிடம் இல்லை. இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் கணக்காளரும் நிறைய இருக்கிறார்கள். மன்னாரில் மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. கம்பிக்கான கேள்விப்பத்திரம் வெளிவருமுன் அந்தக் குறிப்பேட்டை எழுதத் தொடங்கலாம்.